இன்ஸ்டன்ட் கீசர் போட்டும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதா? குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரும் கீசர் கணக்கும்!

சென்னையில் நான்கு வருஷம் நன்றாக ஓடிய இன்ஸ்டன்ட் கீசர். ஊட்டிக்கு மாற்றல் வந்ததும் அதைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்து எடுத்துப்போய், புது வீட்டில் மாட்டுகிறார்கள். அதே கீசர், அதே 3 கிலோவாட். ஆனால் தை மாதக் காலையில் குழாயைத் திறந்தால் வருவதை வெந்நீர் என்று சொல்ல மனசு வராது.

உடனே பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். ‘காயில் போயிருக்கும்’ என்கிறார் ஒருவர். ‘டூப்ளிகேட் பீஸ் கொடுத்து ஏமாத்திட்டாங்க’ என்கிறார் இன்னொருவர். பல வீடுகளில் உண்மை இரண்டும் இல்லை. கீசர் சரியாகத்தான் வேலை செய்கிறது. உள்ளே நுழையும் தண்ணீர்தான் மாறிவிட்டது.

இது தெரியாமல் சிலர் காயிலை மாற்றுவார்கள், சிலர் புது கீசர் வாங்குவார்கள். பணம் போவதோடு அது முடிந்துவிடும். ஆனால் ‘கரன்ட் கீசர் இங்கே சரிப்படாது, கேஸ் கீசர்தான் லாயக்கு’ என்று முடிவெடுத்து அதைக் குளியலறைக்குள்ளேயே மாட்டுவோரும் உண்டு. அங்கேதான் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டதாகிறது.

கீசருக்குள் என்ன நடக்கிறது?

ஸ்டோரேஜ் கீசர் பெரிய டேங்கில் 10, 15, 25 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்து, நிதானமாகச் சூடாக்கும். இன்ஸ்டன்ட் கீசரில் அப்படிப் பெரிய டேங்க் கிடையாது. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் 1 லிட்டர் அல்லது 3 லிட்டர் பிடிக்கும் சின்ன கலம் ஒன்றும், அதற்குள் 3 கிலோவாட் அல்லது 4.5 கிலோவாட் காயிலும் இருக்கும். தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, காயிலை உரசிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும் சில நொடிகளுக்குள் சூடாக வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள பள்ளிக்கூடத்து இயற்பியல் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த சுமார் 4.19 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 3 கிலோவாட் காயில் ஒரு நிமிடத்தில் தருவது 180 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால் 43 வருகிறது. அதாவது இந்தக் கீசர் ஒரு நிமிடத்தில் 43 லிட்டரை 1 டிகிரி உயர்த்தும். அல்லது 1 லிட்டரை 43 டிகிரி உயர்த்தும். நடுவில் எந்தக் கணக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பெருக்குத்தொகை 43-ஐத் தாண்டாது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ‘தண்ணீரை இத்தனை டிகிரியில் தருகிறேன்’ என்று இந்தக் கீசர் வாக்குக் கொடுப்பதில்லை. ‘வருகிற தண்ணீரை இத்தனை டிகிரி ஏற்றித் தருகிறேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது.

இப்போது சென்னைக்கு வருவோம். குழாய்த் தண்ணீர் சுமார் 28 டிகிரி. குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஏற்ற வேண்டியது 12 டிகிரிதான். 43-ஐ 12-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 3.6 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் ஐந்தரை நிமிடத்தில் நிறைந்துவிடும். யாருக்கும் குறை இருக்காது.

ஊட்டிக் கிணற்றுத் தண்ணீர் சுமார் 15 டிகிரி. அதே வேகத்தில் குழாயைத் திறந்தால் அதே 12 டிகிரிதான் ஏறும். வெளியே வருவது 27 டிகிரி. சென்னையில் கீசருக்குள் நுழைகிற பச்சைத் தண்ணீரே இதைவிட ஒரு டிகிரி அதிகம்!

அதே கீசரில் 40 டிகிரி வேண்டுமென்றால் குழாயைச் சிறுகத் திறக்க வேண்டும். நிமிடத்துக்கு 1.7 லிட்டர். பக்கெட் நிறைய கிட்டத்தட்ட 12 நிமிடம் ஆகும். ஷவர் என்றால் மறந்துவிடலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் விழுகிற ஒரு சாதாரண ஷவருக்கு இந்தக் குளிரில் பத்தரை கிலோவாட் தேவைப்படும்.

யூடியூபில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு ‘அங்கே மட்டும் டேங்க் இல்லாத கீசரில் ஷவர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதே’ என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஜெர்மனி வீடுகளில் மாட்டுவது 18 முதல் 27 கிலோவாட் வரையிலான, மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் ஹீட்டர்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக கேஸ் ஹீட்டர்கள் 58 கிலோவாட் வரைகூட உண்டு. அங்கே வட மாநிலங்களில் கிணற்றுத் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே இருக்கும் என்பதால் வாங்கும்போதே ‘எத்தனை டிகிரி ஏற்றம்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். இங்கே கடையில் நாம் கேட்பது ‘எத்தனை லிட்டர்?’

கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு சில்லுனு இருக்கும்?

தரைக்கு அடியில் சுமார் பத்து மீட்டர் போய்விட்டால் பகல், இரவு, கோடை, குளிர் என்ற வித்தியாசமெல்லாம் கிட்டத்தட்ட அடங்கிவிடும். அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பநிலை என்னவோ, அதை ஒட்டியே நிலத்தடி நீரின் சூடும் இருக்கும். அதனால்தான் சமவெளியில் மார்கழி விடியற்காலையில் கிணற்றில் இறைத்த தண்ணீர் கைக்கு இதமாக இருக்கிறது. சித்திரை மதியத்தில் அதே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. மாறுவது காற்றின் சூடுதான், தண்ணீரின் சூடு அவ்வளவாக மாறுவதில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டும். இந்த ஊர்களின் ஆண்டு சராசரியே 15 டிகிரியை ஒட்டித்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டவர்கள் இதற்கு நேர் எதிரான அனுபவத்தைச் சொல்வார்கள்: மோட்டார் போட்டதும் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். ஆழம் போகப் போக பாறையின் சூடு ஏறும் என்பதால் அவ்வளவு ஆழத்தில் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அந்த வீடுகளுக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் தாராளம்.

ஆனால் கீசருக்குள் நுழைவது கிணற்றுத் தண்ணீர் அல்ல, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். ஜனவரி இரவில் ஊட்டியில் புல்வெளியில் உறைபனி படியும் நாட்களில், திறந்தவெளியில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியும் அதனுடன் சேர்ந்துதான் குளிர்கிறது. முந்தின நாள் சாயங்காலம் 15 டிகிரியில் ஏற்றிய தண்ணீர் விடியும்போது 8 டிகிரிக்கு இறங்கியிருந்தால், இப்போது ஏற்ற வேண்டியது 32 டிகிரி. நிமிடத்துக்கு 1.3 லிட்டர். ஒரு பக்கெட்டுக்குக் கால் மணி நேரம்!

இதில் பைசா செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. இரவே தொட்டியை நிரப்பி வைக்காமல், காலையில் குளிக்கப் போவதற்குச் சற்று முன்பு மோட்டாரைப் போடுவது. கிணற்றில் அப்போதும் 15 டிகிரிதான். 7 டிகிரியை பூமியே சூடாக்கிக் கொடுத்துவிடுகிறது. பக்கெட்டுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் மிச்சம். தொட்டி கொஞ்சமாவது காலியாக இருந்தால்தான் இது நடக்கும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த 1,000 லிட்டரோடு 100 லிட்டரைக் கலப்பதில் பிரயோஜனம் இல்லை. தொட்டியைச் சுற்றியும், மாடியிலிருந்து இறங்கும் பைப்பைச் சுற்றியும் ஃபோம் உறை போடுவதும் உதவும்.

லோ வோல்டேஜ் என்ற இன்னொரு வில்லன்

கீசர் மேல் 3 கிலோவாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட் வந்தால்தான். காயிலின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே சக்தி நிறைய இறங்கும். லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் காலை ஆறரை மணிக்கு, தெருவே கீசர் போட்டிருக்கும் நேரத்தில், 190 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது 3 கிலோவாட் கீசர் அல்ல, சுமார் 2 கிலோவாட் கீசர். 15 டிகிரித் தண்ணீரை 40-க்கு ஏற்ற பக்கெட்டுக்கு 17 நிமிடம் ஆகும். ‘ராத்திரி பத்து மணிக்கு நல்லா சூடாகுது, காலையில மட்டும் ஆக மாட்டேங்குது’ என்ற புகாருக்குப் பின்னால் இதுவும் தொட்டித் தண்ணீரின் குளிரும் கைகோத்து நிற்கலாம்.

3 லிட்டர் மாடல் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஓரளவுதான். 3 லிட்டர் கலத்தில் குழாயைத் திறக்காமல் மூன்று நிமிடம் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் 15-லிருந்து 60 டிகிரி வரை ஏறிவிடும். குழாயைத் திறந்ததும் ஆவி பறக்க வரும். ‘ஆஹா’ என்று தோன்றும். அந்த 3 லிட்டர் தீர்ந்ததும் மறுபடி பழைய கணக்குதான். முகம் கழுவ, பாத்திரம் விளக்க, குழந்தைக்குக் கொஞ்சம் வெந்நீர் எடுக்க இது அருமையான பொருள். குளிப்பதற்கு லிட்டர் எண்ணைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை, கிலோவாட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

4.5 கிலோவாட் மாடல் என்றால் 15 டிகிரித் தண்ணீரை நிமிடத்துக்கு 2.6 லிட்டர் வீதம் 40 டிகிரியில் தரும். பக்கெட் எட்டு நிமிடத்துக்குள் நிறையும். பரவாயில்லை ரகம். ஆனால் இங்கே வயரிங் கேள்வி வருகிறது. 3 கிலோவாட் இழுப்பது 13 ஆம்பியர். நல்ல 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 4.5 கிலோவாட் இழுப்பது கிட்டத்தட்ட 20 ஆம்பியர். அதை 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும், வயர் காயும். அதற்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 25 ஆம்பியர் எம்.சி.பி. வேண்டும். மலைப் பகுதிகளின் பழைய ஓட்டு வீடுகளில் எர்த் இணைப்பே சரியாக இருக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீசர் வாங்கும் காசில் ஒரு பங்கை எர்த்துக்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கும் ஒதுக்குவது நல்லது. காயிலின் உறையில் விரிசல் விட்டால் தண்ணீர் வழியாகவே ஷாக் அடிக்கும். அந்த நொடியில் மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. மட்டும்தான், எம்.சி.பி. அல்ல. இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேஸ் கீசர்: சூடு உண்டு, ஆபத்தும் உண்டு

சக்தி என்று பார்த்தால் கேஸ் கீசரை மின்சாரம் நெருங்க முடியாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று விற்கப்படும் சாதாரண மாடலே பத்து கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தரும். 15 டிகிரித் தண்ணீர் மூன்றரை நிமிடத்தில் ஒரு பக்கெட் வெந்நீராகிவிடும். கரன்ட் போனாலும் கவலையில்லை, பேட்டரியிலேயே பற்றிக்கொள்ளும். மலைப்பகுதி வீடுகளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் இது ஒரு அடுப்பு. எரிவதற்குக் காற்று வேண்டும். எரிந்தபின் புகை வெளியே போக வேண்டும். ஐந்துக்கு ஏழு அடி, எட்டடி உயரமுள்ள ஒரு குளியலறையில் மொத்தம் இருப்பது சுமார் 8 கன மீட்டர் காற்று. பத்து கிலோவாட் வெப்பம் தருகிற கேஸ் கீசர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 கன மீட்டர் காற்றைத் தின்னும். கதவும் ஜன்னலும் அடைத்திருந்தால் பத்தே நிமிடத்தில் அந்த அறைக் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடுப்புக்குப் போய்விடும். உள்ளே குளிப்பவர் சுவாசிப்பதும் அதே காற்றைத்தான்.

ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் முழுதாக எரியாது. அரைகுறையாக எரியும்போது உருவாவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருமே, அது கசிவு தெரிவதற்காகவே எரிவாயுவில் கலக்கப்படுவது. அதை நம்பி ‘வாடை வந்தா தெரிஞ்சிடும்’ என்று இருப்பது இங்கே செல்லாது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் துவளுதல், மயக்கம். குளியலறையில் மயங்கி விழுந்தவரைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ‘குளிச்சிட்டிருக்காங்க’ என்றுதான் நினைப்பார்கள். இந்தியாவில் குளிர்காலம் வந்தாலே கேஸ் கீசர் மரணங்கள் செய்தியாவது இப்படித்தான்.

குளிர்ப் பகுதியில் இந்த ஆபத்து கூடுகிறது என்பதுதான் வேதனை. குளிர் நுழையாமலிருக்க வென்டிலேட்டரில் பேப்பரோ துணியோ அடைத்து வைப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக வீடே குளிக்கும், கீசர் அணையாது. கூடவே உயரம். ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே. ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. சமவெளியில் எரிவது போல அங்கே பர்னர் எரியாது.

அப்படியானால் கேஸ் கீசரே கூடாதா? குளியலறைக்குள் கூடாது. வெளியே, காற்று புழங்கும் பால்கனியிலோ பின்கட்டிலோ கீசரை மாட்டி, வெந்நீர் பைப்பை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். புகை குளியலறை ஜன்னலுக்கு நேராகப் போகாதபடி இடம் பார்க்க வேண்டும். ‘எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு, அது போதும்’ என்று சொல்லும் பிளம்பர்களை நம்ப வேண்டாம். கீசர் உள்ளே இருக்கும்போது ஃபேன் வெளியே இழுக்கும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று நுழைய வழியில்லாவிட்டால், புகைக்குழாய் வழியாக வெளியேற வேண்டிய புகையையே அது அறைக்குள் திருப்பி இழுத்துவிடலாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, கீசரின் மேல்பகுதியில் கரி படிந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குச் சொல்ல வேண்டும்.

யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தால் முதலில் கதவைத் திறந்து, கேஸை மூடி, அவரைத் திறந்தவெளிக்கு இழுத்து வர வேண்டும். உள்ளேயே வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் தெளிப்பவரும் விழுவார். 108-க்கு அழைக்கும்போதே ‘கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது’ என்று சொல்லிவிடுங்கள். ஆக்சிஜன் சிகிச்சைதான் முக்கியம் என்று மருத்துவக் குழு தயாராக வர அது உதவும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

இதோடு கேஸ் கீசருக்குத் தண்ணீர் அழுத்தமும் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தொட்டி இருந்தால் ஒரு பார் அழுத்தம். ஒரு மாடி வீட்டில் தொட்டி கீசரைவிட மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். அழுத்தம் போதாவிட்டால் கீசர் பற்றாது, அல்லது குழாயைக் கொஞ்சம் மூடியதும் அணைந்துவிடும்.

உப்புத் தண்ணீர் என்றால்?

மலைக் கிணறுகளில் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். அங்கே உப்புப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. ஆனால் சமவெளி போர் தண்ணீர் அப்படியல்ல. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. 600 உள்ள தண்ணீரை மாதத்துக்கு 2,400 லிட்டர் கீசரில் விட்டால், அதன் வழியே கடந்துபோகும் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. எல்லாம் படியாது. தற்காலிகக் கடினத்தன்மை என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பங்கு மட்டும் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். சூடான இடத்தில்தான் முதலில் படியும், அதாவது காயில் மேல்.

இன்ஸ்டன்ட் கீசரில் சின்ன காயிலுக்கு மூவாயிரம் வாட் சுமை. அதன் மேல் வெள்ளைப் படிவம் ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்கும். ‘கொதகொத’ சத்தம் கேட்கும், கட்-ஆஃப் அடிக்கடி விழும், ஒருநாள் காயில் வெடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து, சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ படிவத்தைக் கரைப்பது புதுக் காயிலைவிட மலிவு. ஆசிட் ஊற்றிக் கழுவுவது வேண்டாம். உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மோட்டார் போட மறந்து தொட்டி காலியான நேரத்தில் கீசரை ஆன் செய்வதும் காயிலைக் கொல்லும். குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்த்த பிறகே சுவிட்ச்.

குளிர்ப் பகுதிக்கு எதுதான் சரி?

பக்கெட்டில் குளிக்கும் நான்கு பேர் குடும்பம், 15 டிகிரிக் கிணறு, அடிக்கடி லோ வோல்டேஜ் என்றால் பழைய ஸ்டோரேஜ் கீசர்தான் ஜெயிக்கிறது. 25 லிட்டர் டேங்கை 2 கிலோவாட் காயில் 15-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 40 நிமிடம் ஆகும். ஆனால் அந்த 25 லிட்டரோடு குளிர்ந்த தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் 45 லிட்டர் கிடைக்கும். இரண்டு பக்கெட்டுக்கு மேல். குழாயை எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் சூடு குறையாது. வோல்டேஜ் குறைந்தால் இன்னும் பத்து, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. இழுப்பதும் 9 ஆம்பியருக்குள். இன்ஸ்டன்ட் கீசரைச் சமையலறை சிங்க்குக்கு மாற்றிவிடலாம், அங்கே அது நன்றாகவே பயன்படும்.

‘இன்ஸ்டன்ட் கீசர் கரன்ட் பில்லைக் குறைக்கும்’ என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டரை ஒரு டிகிரி ஏற்றும். எந்தக் கீசரானாலும் இதுதான். ஊட்டியில் ஒரு பக்கெட்டுக்கு 0.58 யூனிட், சென்னையில் 0.28 யூனிட். நான்கு பேர் தினம் ஒரு பக்கெட் என்றால் ஊட்டியில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 140 யூனிட் குளிக்க மட்டும் போகும்.  ஸ்டோரேஜ் கீசரை நாள் முழுக்க ஆனில் விட்டால்தான் வெளியே கசியும் சூட்டுக்குக் கூடுதல் யூனிட் ஓடும். குளித்ததும் அணைத்துவிடும் வீட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வெயில் கிடைக்கும் இடமென்றால் சோலார் ஹீட்டர் நல்ல கூட்டாளி. மேகமூட்ட நாளில் அது 25 டிகிரி வரை மட்டும் ஏற்றினாலும் கீசரின் வேலையில் பத்து டிகிரி குறைந்துவிடுகிறது. பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு பற்றிப் பலர் கேட்பார்கள். 1.5 கிலோவாட் ராடுக்கு 23 நிமிடம் ஆகும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கு குழந்தைகள் உள்ள வீட்டில் எப்போதும் நடக்காது.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்துபாருங்கள். தண்ணீரின் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டர் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். காலை ஆறு மணிக்குக் குழாயில் ஒரு நிமிடம் தண்ணீரை விட்டபின் அளவு பாருங்கள். மதியம் பார்த்தால் வெயில் பட்ட பைப் உங்களை ஏமாற்றிவிடும். 40-லிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். வருவது உங்கள் வீட்டுக்குத் தேவையான ஏற்றம். கீசரின் கிலோவாட்டை 14.3-ஆல் பெருக்கி அதை இந்த ஏற்றத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். அது 2 லிட்டருக்குக் கீழே வந்தால் இன்ஸ்டன்ட் கீசரைக் குளியலறைக்கு வாங்க வேண்டாம்.